செவ்வாய் வெள்ளித் தண்ணீர்

அத்தியாயம் ஐந்து

நான்கு இலட்சத்துப் பன்னீராயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபா.

கையில் துண்டுக் கடதாசிகூட இல்லாமல் கொத்து வேலை செய்யும் சீவரத்தினம் மேசன் அந்தத் தொகையைச் சொன்னார். மூன்று வாரமாக ஒரு மனிதன் நித்திரையில்லாமல் ஒரு எண்ணை மட்டுமே நினைத்துக்கொண்டு கிடந்தால் அது அப்படித்தான் வாயில் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. மருதனார்மடம் சந்தியில், தேத்தண்ணிக் கடைக்கு மேலே இருக்கிறது அருந்ததியின் கந்தோர். அருந்ததி பதினெட்டு வருடம் காணிக் கந்தோரில் உறுதிப் பத்திரங்கள் பார்த்தவள். இப்போது துப்புப் பார்க்கிறாள். பெரும்பாலும் கனடா மாப்பிள்ளை உண்மையிலேயே கனடாவில்தான் இருக்கிறாரா என்கிற துப்பு. உதவிக்கு லெனாட். முப்பத்திரண்டு வருடம் சாந்துச் சட்டி சுமந்த முதுகு அவனுடையது. அது ஒருநாள் இனி ஏலாது என்று படுத்துவிட, கடன்பட்டு ஒரு ஓட்டோ வாங்கினான். ஓட்டோவை மாத வாடகைக்கு எடுத்த அருந்ததிக்கு அதனோடு அவனும் அவனுடைய வாயும் சேர்ந்து வந்தன.

"காசு ஆர் தரவேணும்?" என்று கேட்டாள் அருந்ததி.

"சுபாஸ்கரன் எண்டு ஒரு கனடாக்காரர். நீர்வேலியிலை வீட்டுக்குக் கீழை ஒரு வீடு கட்டுறார், பிள்ளை."

"மேலை இடம் முடிஞ்சுதாமோ?" என்றான் லெனாட்.

"அந்தாள் ஸ்காபரோவிலை இருவத்திநாலு வருசம் பேஸ்மென்டிலை வாடகைக்கு இருந்தவர். இப்ப நிலத்துக்கு மேலை படுத்தா நித்திரை வருதில்லையாம். முதல் ஒரு கொந்திராத்துக்காரன் கல்லை வெட்டி, சுவரெழுப்பி, கொங்கிறீட் போட்டிட்டு அரைவாசியிலை ஓடிட்டான். இரண்டு வருசம் சும்மா கிடந்த கிடங்கு. இரண்டு மாதத்துக்கு முன்னம் இவர் ஊருக்கு வந்து, ஆள் இருக்கிற வீடாக்கித் தாரும் எண்டு என்னைப் பிடிச்சவர். சுவர் பூசி, குசினி, குளிக்கிற அறை எல்லாம் வைச்சு, நிலத்தையும் புதுசாப் பூசினன். மாபிள் பதிக்கிறது மட்டும்தான் மிச்சம். அதுக்குள்ளை தண்ணி வந்திட்டுது."

"எவ்வளவு?"

"கணுக்கால் அளவு. 'உம்மடை நிலம் ஊறுது, சல்லிக்காசு தரமாட்டன்' எண்டிட்டார். இண்டைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கல்லுடைக்கிற மிசின் வருது, நிலத்தை உடைக்க. உடைச்சா என்ரை வேலையும் போச்சு, காசும் போச்சு." அவர் கொஞ்ச நேரம் கதிரையின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "என்னோடை வேலை செய்த ஆறு பேரும் கூலிக்காக விடிய வந்து என்ரை வாசலிலை இருக்கினம். ஏசினாப் பரவாயில்லை. ஏசினமில்லை. மனிசி தேத்தண்ணி குடுக்கிறா, குடிச்சிட்டு 'நன்றி அக்கா' எண்டுகினம். அதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு."

லெனாட்டுக்கு அது விளங்கியது. அவனும் அப்படி எத்தனையோ வாசலில் இருந்தவன்.

"தண்ணி களவு போச்செண்டு வந்த ஆக்கள் இருக்கினம்" என்றான், பேச்சை மாற்ற. "தண்ணியைக் கொண்டுவந்து வைச்சிட்டுப் போற களவை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

அருந்ததி கொப்பியைத் திறந்தாள். "எந்தெந்த நாள் வந்தது?"

"நாள் ஆர் பாத்தது? மூண்டு கிழமையிலை ஆறு தரம். ஆறு தரமும் அள்ளி ஊத்தினது நான். இடுப்பு நாரி முறிஞ்சு வீட்டை போனா, அண்டைக்கெண்டு பாத்துச் சோத்துக்குக் கத்தரிக்காயும் பருப்பும். ஒரு மீன் துண்டு இல்லை. ஆறு தரமும் அப்பிடித்தான். மனிசிக்குக் காசு வராத கோவமாக்கும் எண்டு நானும் வாய் திறக்கேல்லை."

"மற்ற நாளிலை மீன் இருந்ததோ?"

"இருந்தது. இல்லாட்டிக் கருவாடாவது இருக்கும்."

"அப்ப அவவுக்குக் கோவம் இல்லை. உங்கடை வீட்டிலை மச்சம் காய்ச்சாத நாள் எது?"

"செவ்வாயும் வெள்ளி..." சீவரத்தினத்தின் வாய் திறந்தபடி நின்றது.

"தண்ணி விரதகாரத் தண்ணி" என்றான் லெனாட். "எங்கடை கத்தோலிக்க வேதத்திலை வெள்ளி மட்டும்தான். இது நல்ல சைவம்."

"ஒருநாளாவது காவல் இருந்து பாக்கேல்லையோ?"

"சனியும் ஞாயிறும் விடிய விடிய இருந்தன், பிள்ளை. நுளம்புதான் வந்தது."

அருந்ததி கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள். "இண்டைக்குச் செவ்வாய். ஓட்டோவை எடுங்கோ லெனாட் அண்ணை."

நீர்வேலியில் செம்மண் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் வாழை. அதன் நடுவே சுபாஸ்கரனின் வீடு இரண்டு மாடியாக நின்றது. யன்னலுக்கெல்லாம் கண்ணாடி, தூணுக்கெல்லாம் பூ வேலை, உள்ளே ஒரு குருவியும் இல்லை. பக்கவாட்டில் நிலத்துக்குள் ஒரு படிக்கட்டு இறங்கியது. அதன் தலைப்பில் நீலக் கால்சட்டையோடு நின்றவர்தான் சுபாஸ்கரன். ஐம்பத்தைந்து வயது. வெயில் பட்டதும் கண்ணை மூடி மூடித் திறக்கிற மனிதர்.

"இது செப்பரேற் என்ட்ரன்ஸ், தனி வாசல்" என்றார். "உது இல்லாட்டி அதைப் பேஸ்மென்ட் எண்டே சொல்லேலாது, மிஸ்."

"மேலை ஆர் இருக்கப் போயினம்?" என்று கேட்டான் லெனாட்.

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன் ரெண்டு மாடி?"

சுபாஸ்கரன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேலை வீடு இல்லாட்டிக் கீழை இருக்கிறது எப்பிடிப் பேஸ்மென்ட் ஆகும்?"

லெனாட் இரண்டு மாடியையும் அண்ணாந்து ஒருதரம் எண்ணிப் பார்த்தான்.

கீழே இறங்கினார்கள். நல்ல அறைதான். வெள்ளைச் சுவர், மூலையில் குசினி, மர வாங்கில் அடுக்கின மாபிள் பெட்டிகள், நாலு சீமெந்துக் கல்லின் மேல் ஏற்றி வைத்த கட்டில். எல்லாவற்றையும் சுற்றிக் கணுக்கால் தண்ணீர், கண்ணாடி போல அசையாமல் நின்றது.

"போன வியாழன் வந்து படுத்தன்" என்றார் சுபாஸ்கரன். "மேலை பிள்ளையள் ஓடுற சத்தத்துக்குக் காதுக்கை ரப்பர் அடைப்பு வைச்சுப் பழகினனான். இங்கை ஓட ஆளில்லை, எண்டாலும் வைக்காமல் படுக்கேலாது. விடிய எழும்பினா என்ரை சூட்கேஸ் படிக்கட்டடியிலை மிதக்குது. போகப் போறன் எண்டு சொல்ற மாதிரி." மேசனைத் திரும்பிப் பார்த்தார். "இரண்டு வருசம் கிடந்த இடம். ஒரு சொட்டுத் தண்ணி நிண்டதில்லை. நீர் பூசின அடுத்த கிழமையே நிக்குது. இதுக்கு நான் என்னத்துக்குக் காசு தர?"

சீவரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். அருந்ததி அந்த வார்த்தைகளை அப்படியே கொப்பியில் எழுதினாள்.

"நிலத்தாலை ஊற இது மாரி இல்லை" என்றாள். "ஆவணி மாதம். கிணத்திலையே தண்ணி இருவது அடிக்குக் கீழை கிடக்கும். எட்டடி ஆழக் கிடங்குக்கு அது ஏணி வைச்சோ ஏறி வாறது?"

"ஏணியைச் சந்தேக லிஸ்டிலை போடுங்கோ" என்றபடி லெனாட் சாரத்தை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கினான். கையில் அள்ளி நாக்கில் வைத்தான். உவர் இல்லை. நல்ல தோட்டக் கிணற்றுத் தண்ணீர். சுவரோரமாக நடந்தான். வாழைத் தோட்டத்து மதிலை ஒட்டிய பக்கம், உச்சியில், காற்றுக்கென்று விட்ட ஒரு ஒடுங்கின யன்னல் இருந்தது. கண்ணாடி இன்னும் போடவில்லை. அதற்கு நேர் கீழே காலில் ஏதோ தட்டியது. குனிந்து தூக்கினான். குனிந்ததற்காக நாரி அவனை ஒருதரம் ஏசியது.

ஒரு பழைய சாக்கு. நாலாய் மடித்து, நாலு மூலையிலும் கல் கட்டியிருந்தது.

"உம்மடை சாக்கோ?" என்று மேசனிடம் கேட்டான்.

"இல்லை. ஒவ்வொரு முறையும் கிடக்கும். எடுத்து எறிவன், பேந்தும் கிடக்கும். இவர் போடுறாராக்கும் எண்டு நினைச்சன்."

"நான் நீர் போடுறீராக்கும் எண்டு நினைச்சன்" என்றார் சுபாஸ்கரன்.

லெனாட் சாக்கைப் பிழியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய முகத்தில் பகிடி இல்லை.

"தங்கச்சி, இது கெடுக்க வந்தவன்ரை வேலை இல்லை. மேலையிருந்து தண்ணி விழுற விசைக்குச் சீமெந்து கிளம்பும். அதுக்காகத்தான் கீழை சாக்குப் போடுறது. கொங்கிறீட் வெடிக்காமல் இறுகத் தண்ணி கட்டுவமெல்லே, நான் முப்பத்திரண்டு வருசமும் இப்பிடித்தான் செய்தனான். கெடுக்க வந்தவன் சாக்குப் போடான். இது ஆரோ பக்குவமா வேலை செய்யிற மனிசன்."

யன்னலுக்கு வெளியே தொலைவில் தண்ணீர் இறைக்கிற மிசின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"அது ஆர்?" என்றாள் அருந்ததி.

"தியாகராசா. பக்கத்துத் தோட்டம்" என்றார் சுபாஸ்கரன். "அவரை விடுங்கோ, மிஸ். நான் கனடாவிலையிருந்து மதில் கட்டுவிக்கேக்கை அரையடி அவரின்ரை பக்கம் போயிட்டுதெண்டு ஒண்டரை வருசமா என்னோடை கதைக்கிறேல்லை. அந்த மனிசன் எனக்குக் குடிக்கக்கூடத் தண்ணி தராது. வீடு நிறையத் தருமோ?"

"கிணறு பங்குக் கிணறோ?"

"இந்தப் பக்கம் எல்லாம் பங்குக் கிணறுதான்."

அருந்ததி லெனாட்டைப் பார்த்தாள். காணிக் கந்தோரில் நீர்வேலி உறுதிகள் எத்தனையோ அவள் கையால் போயிருந்தன. கிணற்றில் பதினாறில் மூன்று பங்கு என்று எழுதியிருக்கும். பங்குக்காரருக்கெல்லாம் இறைக்க முறை நாள் இருக்கும். அந்த நாளில் மற்றவர் மிசினில் கை வைக்கமாட்டார்கள்.

மணி பத்தரை. அருந்ததியும் லெனாட்டும் மதிலைச் சுற்றி ஒழுங்கையால் நடந்து தோட்டத்துக்குப் போனார்கள்.

தியாகராசாவுக்கு எழுபது வயதிருக்கும். மண்வெட்டியால் ஒரு பாத்தியைக் கட்டி அடுத்ததைத் திறந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"முறைத் தண்ணி ஓடுது, பிள்ளை. நிண்டு கதைக்க நேரமில்லை. கூட நடந்துகொண்டு கதையுங்கோ."

"உங்கடை முறை எந்தெந்த நாள், ஐயா?"

"செவ்வாயும் வெள்ளியும். விடிய நாலு மணியிலையிருந்து."

"அந்தக் கனடாக்காரரின்ரை அறைக்குள்ளை தண்ணி விடுறது..."

"ஓம், நான்தான்" என்றார் தியாகராசா. அடுத்த பாத்திக்குப் போனார்.

லெனாட் நின்றுவிட்டான். "ஐயா, கொஞ்சமாவது மறுத்திருக்கலாம். இவ்வளவு தூரம் வந்த எங்களுக்கும் ஒரு மரியாதையா இருந்திருக்கும்."

"செய்ததை ஏன் மறுக்க?"

"மதில் கோவமோ?" என்று கேட்டாள் அருந்ததி.

முதல் தடவையாகக் கிழவர் நிமிர்ந்தார். அவருடைய முகத்தில் தெரிந்தது அவமானம். "கோவத்துக்கு நான் இன்னொருத்தரின்ரை வீட்டைப் பழுதாக்கிற ஆளோ? காசு வாங்கினனான், பிள்ளை."

வாழைச் சருகு சரசரத்தது. லெனாட்டுக்குக் காது கூர்மையானது. மேசனைக் கெடுக்கக் காசு கொடுத்தவன் யாராக இருக்கும்? ஓடிப்போன கொந்திராத்துக்காரனோ? வேறு மேசனோ?

"ஆர் தந்தது?"

தியாகராசா மண்ணை உதறிவிட்டு, சாரத்து மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் தொலைபேசி. வட்ஸ்அப்பைத் திறந்து விரலால் மேலே மேலே போனார். இரண்டு வருடத்து வாழைக்குலைப் படங்களையெல்லாம் தாண்டிப் போய், ஒரு குரல் பதிவைத் தட்டினார்.

சுபாஸ்கரனின் குரல் வந்தது.

"தியாகண்ணை, கீழை கொங்கிறீட் போட்டாச்சு. உங்கடை முறை நாளிலை அதுக்கு ஒரு தண்ணி கட்டிவிடுங்கோ. வேலைக்காரரை நம்பேலாது. நான் வந்து என்ரை வாயாலை நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லுமட்டும் நிப்பாட்டாதேங்கோ. வேறை ஆர் சொன்னாலும் கேக்காதேங்கோ. காசு அனுப்பிவிடுறன்."

தியாகராசா தொலைபேசியைச் சாரத்தில் துடைத்தார்.

"அணைக்கட்டுக்குக்கூட இரண்டு வருசம் தண்ணி கட்டின ஆளில்லை" என்றான் லெனாட், மெல்ல.

"ஐயா, அவர் ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகுது" என்றாள் அருந்ததி. "இனி நிப்பாட்டட்டோ எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"எப்பிடிக் கேக்கிறது? நான் அவரோடை கதைக்கிறேல்லை."

"கதைக்கிறேல்லை, ஆனாத் தண்ணி விடுவியள்."

"அது வேறை, இது வேறை. மதிலிலை பிழை விட்டது அவர். அதுக்காக நான் ஏற்ற வேலையிலை பிழை விடேலுமோ?"

"உள்ளை ஆள் படுத்திருந்தது கண்டனீங்களோ?"

"இருட்டு. மதிலுக்கு மேலாலை சாக்கையும் குழாயையும் யன்னலுக்கை விட்டதோடை சரி, டோச் அடிச்சுப் பாக்கேல்லை. மற்றாக்களின்ரை வீட்டை எட்டிப் பாக்கிறது சரியில்லை."

ஒழுங்கையில் லொறிச் சத்தம் கேட்டது. கல்லுடைக்கிற மிசின் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டது. இந்தக் குடாநாட்டில் நேரத்துக்கு முதல் வந்த ஒரே வாகனம் அதுவாகத்தான் இருக்கும். லெனாட் நாரியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். தியாகராசா தொலைபேசியைக் கொடுத்தார், தான் மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். இந்தப் பக்கம் கால் வைப்பதில்லையாம்.

மிசின்காரன் வயரை இழுத்துக்கொண்டு படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தான். சீவரத்தினம் அவனுக்கு முன்னால் தண்ணீருக்குள் நின்றார். கையை நீட்டி மறிக்காமல், சும்மா வழியில் நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் அருந்ததி. சுபாஸ்கரனின் கையில் தொலைபேசியை வைத்துத் தட்டினாள்.

தன்னுடைய குரலைத் தானே கேட்பது யாருக்கும் பிடிக்காது. சுபாஸ்கரனுக்குக் காது வரைக்கும் சிவந்தது. முடிந்ததும் இன்னொருமுறை போட்டுக் கேட்டார், வேறு யாருடைய குரலாகவாவது இருக்குமோ என்று. இல்லை.

"சரி" என்றார் கடைசியில். "தண்ணி விடச் சொன்னது நான்தான். மறந்துபோனன். ஆனா மிஸ், தண்ணி விட்டது பிரச்சினை இல்லை, நிண்டதுதான் பிரச்சினை. முதல் இரண்டு வருசமும் தண்ணி நிக்கேல்லை. இவர் பூசின பிறகுதான் நிக்குது. அப்ப பிழை இவரிலைதானே?"

மனிதர் விடுகிறதாயில்லை. சீவரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். மிசின்காரன் வயரை மறுபடி கையில் எடுத்தான்.

அருந்ததி கொப்பியைத் திறந்தாள். "காலமையும் இதைத்தான் சொன்னனீங்கள். எழுதி வைச்சிருக்கிறன். இரண்டு வருசம் ஒரு சொட்டும் நிக்கேல்லை. கிழமைக்கு இரண்டு முறை தியாகராசா ஐயா விட்டவர். ஒருநாளும் தவறேல்லை. அவ்வளவு தண்ணியும் எங்கை போனது?"

எல்லாரும் காலடியில் பார்த்தார்கள்.

முதலில் சிரித்தது லெனாட். "கீழை கிடக்கிற சுண்ணாம்புக் கல்லுக் குடிச்சிட்டுது. முதல் கொந்திராத்துக்காரன் போட்டது நிலமில்லை, ஓட்டை ஓட்டையான அரிதட்டு. விட்ட தண்ணி எல்லாம் விடிய முதல் கீழை போயிட்டுது. அதாலைதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை. சீவரத்தினம் அண்ணை பூசின நாளிலையிருந்துதான் ஒரு சொட்டும் போக இடமில்லாமல் நிக்குது. இவர் கள்ள வேலை செய்திருந்தா இண்டைக்கும் உங்கை காஞ்சுபோய்க் கிடந்திருக்கும், காசும் வாங்கிக்கொண்டு போயிருப்பார். நல்ல வேலை செய்துதான் மாட்டுப்பட்டவர்."

"கீழை போக விடாத நிலம் மேலை வரவும் விடாது" என்றாள் அருந்ததி.

மிசின்காரன் குதிக்காலால் நிலத்தில் இரண்டுதரம் குத்தினான். சத்தத்தைக் கேட்டான். "இதை உடைக்க எனக்கு ரெண்டு நாள் வேணும். பழுது எண்டு ஆர் சொன்னது?" வயரைச் சுற்றத் தொடங்கினான். "வந்த கூலி தந்தாப் போதும்."

லெனாட்டும் சுபாஸ்கரனும் படியேறி வெளியே வர, மதிலுக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. தியாகராசா லெனாட்டைப் பார்த்துக் கேட்டார், "தம்பி, அப்ப வெள்ளிக்கிழமை விடுறதோ, விடாததோ?"

சுபாஸ்கரனும் லெனாட்டைத்தான் பார்த்தார். "நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"நிப்பாட்டட்டாம், ஐயா."

"நீர் சொல்லி நான் கேக்கேலாது. ஆர் சொன்னாலும் கேக்காதேங்கோ எண்டு இருக்கு. அவரின்ரை வாயாலை வரவேணும்."

ஒன்றரை வருடக் கோபம் ஒரு மனிதனின் தொண்டைக்குள் எந்த அளவில் இருக்கும் என்று லெனாட் அன்றைக்குத்தான் கண்டான். சுபாஸ்கரன் வாயைத் திறந்தார், மூடினார், மேலே ஆளில்லாத தன்னுடைய இரண்டு மாடியை ஒருதரம் பார்த்தார்.

"தியாகண்ணை" என்றார். "நிப்பாட்டுங்கோ."

"சரி" என்றது தலை. மறைந்தது. மதில் விசயம் மதிலோடேயே கிடந்தது.

காசு எடுக்க மேலே போன சுபாஸ்கரன் திரும்பக் கீழ் அறைக்கு இறங்கி வரப் பத்து நிமிடம் பிடித்தது. மாபிள் பெட்டியின் மேல் வைத்து எண்ணிக் கொடுத்தார். சீவரத்தினம் நின்றபடியே இரண்டு தரம் எண்ணினார். முதல் தரம் உதடு அசைந்தது. இரண்டாம் தரம் அசையவில்லை.

"சரியோ?"

"சரி."

"அப்ப நாளைக்கு மாபிள் பதிக்கத் தொடங்கும். முடிய எல்லாக் காசையும் ஒண்டாத் தாறன்."

"இல்லை" என்றார் சீவரத்தினம். தன் வாழ்க்கையில் இந்தச் சொல்லை அவர் முதலாளிமாரிடம் அதிகம் சொன்னதில்லை என்பது, அதைச் சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. "அரைவாசி முன்னுக்கு வேணும். மிச்சம் கிழமைக்குக் கிழமை."

சுபாஸ்கரன் அருந்ததியைப் பார்த்தார். அருந்ததி யன்னலைப் பார்த்தாள். லெனாட்டைப் பார்த்தார். அவனுக்குச் சாரத்து ஓரம் பிழிய வேண்டியிருந்தது.

"சரி" என்றார்.

பிறகு ஒரு கடதாசியில் பழைய கணக்கு முழுதும் தீர்ந்தது, பாக்கி எதுவும் இல்லை என்று எழுதி நீட்டினார். சீவரத்தினம் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். தண்ணீருக்குள் நின்றபடியே, தான் பூசின சுவரில் கடதாசியை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மை காயுமட்டும் ஊதிவிட்டுப் பேனையைத் திருப்பிக் கொடுத்தார்.